விரதமும் பழக்கமும்

நமது நாட்டில் தேக சௌக்கியத்தைப் பற்றிப் பேசாதவர்கள் யாருமே இல்லை. கோவிலுக்குப் போனால் “நோய் நொடி இல்லாமல் காப்பாற்று” என்பதுதான் முதல் வேண்டுகோள். பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்தால் “நூறு வயது இரு” என்பதுதான் முதல் வார்த்தை. ஆனால் அந்தச் சௌக்கியத்திற்கு வேண்டிய காரியத்தைத் தினமும் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏனப்பா செய்யவில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள்தான் வருகின்றன. “மனம் கட்டுப்படவில்லை” என்பது ஒன்று. “இத்தனை வருஷத்துப் பழக்கம், இனிமேல் விட முடியுமா?” என்பது இரண்டு. “தலையில் எழுதினபடிதான் நடக்கும்” என்பது மூன்று.

இந்த மூன்றும் பொய் என்பதே நமது அபிப்பிராயம். வெறும் அபிப்பிராயமாய்ச் சொல்லவில்லை, ருஜுவோடு சொல்லுகிறோம். அந்த ருஜுவையும் நமது புத்தகங்களிலிருந்து எடுக்காமல், பக்தர்களிடமிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

மாலை போட்டவன்

கார்த்திகை மாதம் பிறந்ததும் நமது ஊர்த் தெருக்களைப் பாருங்கள். நேற்று வரையில் தினம் இரண்டு கட்டுப் பீடி குடித்தவன், பொழுது சாய்ந்தால் மதுக்கடைக்குப் போகாமல் வீடு திரும்பாதவன், பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைத்ததை விட வசை சொல்லி அழைத்ததே அதிகம் என்று பெயரெடுத்தவன், இன்று கழுத்தில் ஒரு மணி மாலையோடு நிற்கிறான். விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். பீடி இல்லை, குடி இல்லை, மாமிசம் இல்லை. செருப்பில்லாமல் நடக்கிறான். வெறுந்தரையில் படுக்கிறான். எதிரே வருகிறவனை எல்லாம் “சாமி” என்று கூப்பிடுகிறான். இப்படி ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, 41 நாள் இருக்கிறான்.

சபரிமலைக்குப் போய்த் திரும்பி வந்து மாலையைக் கழற்றுகிறான். அன்று சாயங்காலமே அவனை எங்கே பார்க்கலாம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நமது வாசகர்களுக்கே தெரியும்.

எல்லோரும் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே மறைவில் பீடி பிடிப்பவர்களும் உண்டு. மாலை கழற்றிய பின்னும் நல்லபடியாகவே இருந்துவிடுகிறவர்களும் சிலர் உண்டு. நாம் பேசுவது பெரும்பாலோரைப் பற்றியாகும்.

நமக்குத் தெரிந்த ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல உழைப்பாளி, யாருக்கும் தீங்கு நினையாதவர். பதினான்கு வருஷம் தவறாமல் மாலை போட்டவர். நெஞ்சு வலி வந்து வைத்தியரிடம் போனபோது, இருதயம் கெட்டிருக்கிறது, பீடியை இன்றே விட்டுவிட வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். நாம் போய்ப் பார்த்தபோது அவர் கையில் பீடி இருந்தது.

“என்ன அண்ணே, டாக்டர் சொன்னது என்ன ஆயிற்று?” என்றோம்.

“அடுத்த கார்த்திகைக்கு மாலை போடும்போது விட்டுவிடுகிறேன் தம்பி. இப்போது முடியவில்லை” என்றார்.

“வருஷா வருஷம் 41 நாள் விடுகிறீர்களே?”

“அது சாமிக்காகத் தம்பி.”

“இதை உங்கள் பெண்களுக்காக என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?”

சிரித்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை. அது ஆனி மாதம். புரட்டாசியில் அவர் இறந்து போனார். கார்த்திகை அவருக்கு வரவே இல்லை. மனைவியும், படிக்கிற வயதில் இரண்டு பெண்களும் மிஞ்சினார்கள்.

அவரைப் பரிகசிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு கணக்குக்காக எழுதுகிறோம். பதினான்கு வருஷம், வருஷத்திற்கு 41 நாள் என்று கூட்டிப் பாருங்கள். 574 நாட்கள் ஆகின்றன. அதாவது, “என்னால் பீடியை விட முடியாது” என்று சொன்ன அதே மனிதர், ஒன்றரை வருஷத்திற்கு மேல் பீடி இல்லாமல் வாழ்ந்து காட்டியவர். முடியாது என்பது பொய். முடியும் என்று எண்ணவிடாமல் அவரை யாரோ ஏமாற்றி வைத்திருந்தார்கள் என்பதுதான் மெய்.

எப்படி முடிந்தது?

இந்த 41 நாள் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? “எல்லாம் சாமியின் சக்தி” என்பார்கள். சாமியின் சக்தியானால் 42-வது நாள் அந்தச் சக்தி எங்கே போகின்றது? வருஷத்தில் 41 நாள் மாத்திரம் வேலை செய்கிற சக்தியைச் சக்தி என்று சொல்லுவதை விட, அதை ஆராய்ந்து பார்ப்பதல்லவா யோக்கியமான காரியம்?

ஆராய்ந்து பார்த்தால் சங்கதி வெளியாகின்றது. ஆரம்பிக்கின்ற நாள் குறிப்பாயிருக்கின்றது. குளிக்கின்ற நேரம், சாப்பிடுகின்ற நேரம் எல்லாம் முன்னமேயே தீர்மானமாகிவிடுகின்றன, தினம் காலையில் “இன்று செய்யலாமா, வேண்டாமா?” என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கழுத்தில் கிடக்கும் மாலை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கின்றது. வீட்டில் ஸ்திரீகள் அதற்குத் தகுந்தாற்போல் சமைத்துப் போடுகிறார்கள். கூடவே நாலு பேர் மாலை போட்டிருக்கிறார்கள். கூட்டாளிகள் பீடியை நீட்டுவதில்லை, குடிக்கக் கூப்பிடுவதில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கின்றது.

தோழர்களே! இவற்றில் எது ஆகாயத்திலிருந்து வந்தது? நாளைக் குறித்தவன் மனிதன். நேரத்தை வைத்தவன் மனிதன். சமைத்துப் போட்டவள் மனைவி. துணைக்கு நின்றவர்கள் நண்பர்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த ஏற்பாட்டிற்குக் கிடைத்த பலனைக் கொண்டு போய் மலைமேல் இருப்பவர் கணக்கில் வரவு வைப்பது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் அது ஏன் நிலைப்பதில்லை? காரணம் வெளிப்படையானது. விரதம் என்பது ஒரு பேரம். “நான் 41 நாள் இப்படி இருக்கிறேன், நீ எனக்கு இன்னது கொடு” என்பது அதன் ஒப்பந்தம். கெடு முடிந்தவுடன் ஒப்பந்தமும் முடிகின்றது. பீடியை ஏன் விட்டான்? நுரையீரலுக்குக் கெடுதி என்றா? இல்லை, சாமி கோபித்துக்கொள்வார் என்று. மதுவை ஏன் விட்டான்? கல்லீரல் கெடும், குடும்பம் கெடும் என்றா? இல்லை, தீட்டு என்று. தீட்டு நீங்கிவிட்டதாகச் சொல்லி மாலையைக் கழற்றியவுடன், விடுவதற்கு இருந்த ஒரே காரணமும் கழன்று விடுகின்றது. ஆனால் கல்லீரலுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? நுரையீரல் கார்த்திகை எது, தை எது என்று பார்த்தா புகையை ஏற்றுக்கொள்கின்றது?

பயத்தின் மேல் கட்டின பழக்கம் பயம் உள்ள வரையில்தான் நிற்கும். அறிவின் மேல் கட்டின பழக்கம், அறிவு உள்ள வரையில் நிற்கும். நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

ஆராய்ச்சி சொல்லுவது

பழக்கம் எப்படி உண்டாகின்றது என்பதை இப்போது அளந்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி ஒன்று 2010-ல் அச்சாயிற்று. 96 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் மத்தியான சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது என்றார். ஒருவர் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது என்றார். ஒருவர் இராச் சாப்பாட்டிற்கு முன் கால் மணி நேரம் ஓடுவது என்றார். அதைத் தினமும் ஒரே சமயத்தில், அன்றாடம் தவறாமல் நடக்கும் வேறொரு காரியத்தை ஒட்டிச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. 12 வாரம் கவனித்தார்கள். யோசிக்காமலே கையும் காலும் தாமாகச் செய்துவிடும் நிலைமைக்கு வர, நடுத்தரமாய் 66 நாள் ஆயிற்று. சுலபமான காரியத்தைப் பிடித்த ஒருவருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. சிலருடைய போக்கைக் கணக்கிட்டுப் பார்த்ததில் 254 நாள் வரையிலும் ஆகும் என்று கண்டார்கள். தேகப் பயிற்சிக்குத் தண்ணீர் குடிப்பதை விட அதிக நாள் பிடித்தது.

இதில் இரண்டு விஷயங்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, 41 நாள், 48 நாள் என்கின்ற மண்டலக் கணக்குக்கு உடம்பு கட்டுப்பட்டதல்ல. ஆளுக்கு ஒரு காலம், காரியத்திற்கு ஒரு காலம். பெரும்பாலோருக்குப் பழக்கம் வேர் விடத் தொடங்குகிற சமயத்தில்தான் நமது சாமிமார்கள் மாலையைக் கழற்றிச் செடியைப் பிடுங்கிப் போட்டு விடுகிறார்கள்.

இரண்டாவது, முதலாவதை விட முக்கியமானது. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் பழக்கம் கெட்டுப்போகிறதா என்று அவர்கள் பார்த்தார்கள். கெடவில்லை. மறுநாள் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் ஏற்படவில்லை.

இதையும் விரதத்தின் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரதத்தில் ஒரு நாள் தவறினால் “விரதம் முறிந்தது”, பாவம் வந்தது, எல்லாம் போயிற்று. “இனிமேல் என்ன, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்று மனிதன் அடியோடு கைவிட்டு விடுகிறான். அறிவோ, “நேற்றுத் தவறினாயா? சரி, இன்று செய்” என்கின்றது. பாவம் என்கின்ற எண்ணம் மனிதனைத் திருத்தியதை விட, விழுந்தவனை எழவொட்டாமல் செய்ததே அதிகம் என்போம்.

தீட்டும் அழுக்கும்

இது நிற்க, “நமது முன்னோர்கள் ஆசாரம் என்ற பேரில் சுகாதாரத்தையே வைத்திருந்தார்கள், குளி, கால் கழுவு, மடியாயிரு என்றார்களே” என்று சில படித்தவர்கள் சமாதானம் சொல்லுவதுண்டு. குளிப்பதும் கழுவுவதும் நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கழுவினது அழுக்கையா என்பதே கேள்வி. இன்ன ஜாதியான் எதிரே வந்தால் குளித்தார்கள்; ஊரே கால் கழுவுகிற குளத்தின் தண்ணீரைத் தீர்த்தம் என்று வாயில் விட்டுக்கொண்டார்கள். உழைத்து வியர்த்த கையைத் தொட்டால் தீட்டு என்றார்கள். அந்தக் கை விளைவித்த நெல்லுக்குத் தீட்டில்லை என்றார்கள். மாதவிலக்கான பெண்ணுக்கு ஓய்வும் சுத்தமான துணியும் நல்ல ஆகாரமும் வேண்டிய சமயத்தில் அவளை வாசலுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். இந்தக் கொடுமை சில இடங்களில் இன்றும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. தீட்டு பிறப்பைப் பார்க்கும். அழுக்கு கையைப் பார்க்கும். இரண்டையும் ஒன்றென்று சொல்லுவது, மனுதர்மத்திற்குச் சோப்புப் பூசுவதாகும்.

அழுக்கைக் கண்டவன் கதை வேறு. வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். டாக்டர்கள் பிரசவம் பார்க்கும் பகுதியில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஜுரம் கண்டு கூட்டங் கூட்டமாய்ச் செத்தார்கள். 1847 ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேர் செத்தார்கள். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த பகுதியிலோ சாவு மிகவும் குறைவு. காரணத்தை யோசித்தார். டாக்டர்கள் பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்க்கிறார்கள், மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று மே மாதத்தில் உத்தரவு போட்டார். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 ஆயிற்று. மந்திரம் இல்லை, தாயத்து இல்லை, பரிகாரம் இல்லை. கையைக் கழுவினார்கள், தாய்மார்கள் பிழைத்தார்கள். இதற்காக அவருக்கு மாலையா போட்டார்கள்? “எங்கள் கையா அழுக்கு?” என்று பெரிய டாக்டர்கள் பலர் அவர் மேல் கோபித்துக்கொண்டார்கள். படித்தவனுக்கும் கௌரவம் என்கின்ற மடி உண்டு என்பதற்கு இது உதாரணமாகும்.

நமது காலத்திலேயே ஒரு பரீட்சை நடந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா வந்தபோது கோவில், மசூதி, சர்ச்சு எல்லாவற்றின் கதவுகளும் சாத்தப்பட்டன. மருந்துக்கடையும் மளிகைக்கடையும் திறந்திருந்தன. ஆபத்துக் காலத்தில் எது அவசியம் என்பதைப் பக்தர்களுடைய சர்க்காரே அப்படித் தீர்ப்புச் செய்தது. அந்தக் கிருமியின் மேல் உறை கொழுப்பாலானது. சோப்பு அந்த உறையைக் கரைத்து அதைச் செயலற்றதாக்கும். ஆகவே ஜனங்கள் 20 விநாடி எண்ணிக் கை கழுவினார்கள். பிறகு பயம் தீர்ந்தது. கை கழுவுகிறதும் நின்றது. வாசலில் வைத்த வாளியும் சோப்பும் எங்கே போயின என்று தெரியவில்லை. இதுவும் மாலை கழற்றிய கதைதான். வயிற்றுப்போக்கும் சளிக் காய்ச்சலும் கொண்டு வருகின்ற கிருமிகள் நம்மை விட்டு எங்கேயும் போய்விடவில்லை. சாப்பிடும் முன்னும், மலங்கழித்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 30 குறைகின்றது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சோப்பை மறந்து திருஷ்டிப் பூசணிக்காயை மறவாத வீடுகள் எத்தனை!

தலையெழுத்தா, சாப்பாடா?

இன்று நமது ஜனங்களைத் தின்பது பெரும்பாலும் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இருதய வியாதியுமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளியாயிற்று. 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்றும், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு என்றும் அது சொல்லுகின்றது. இதற்குத்தான் நமது ஜனங்கள் “பரம்பரை”, “விதி”, “சனி திசை” என்று பேர் வைத்திருக்கிறார்கள். பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, மெய்தான். மிச்சம் யார் பங்கு?

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் சர்க்கரை வியாதி வரும் தறுவாயில் இருந்த 531 பேரை வைத்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சாதாரண யோசனைக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மூன்று வருஷத்தில் அவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. இன்னொரு பிரிவினரைத் தினம் அரை மணி நடக்கவும், வெள்ளை அரிசியையும் இனிப்பையும் எண்ணெயையும் குறைக்கவும் செய்தார்கள். அவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை மாத்திரம் கொடுத்த பிரிவில் ஏறக்குறைய 40. அதாவது, கால் நடையும் சோற்றுக் குறைப்பும் மாத்திரைக்குச் சமமாய் வேலை செய்தன. இவர்கள் நம்மவர்கள், நம்மைப் போலச் சோறு தின்கிறவர்கள். நவக்கிரகத்தைச் சுற்றியதால் அல்ல, வீதியைச் சுற்றி நடந்ததால் தப்பித்தவர்கள்.

செய்ய வேண்டியது பெரிய சாஸ்திரமல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுவது, வாரத்தில் 150 நிமிஷம் வேகமாய் நட என்பது. தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது. ஒரு சின்னக் கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் எல்லாவற்றிலும் உள்ளதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காயும் கீரையும் பருப்பும் மிகுதியாய் வைத்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் ஆனால் மாரடைப்பு வரும் அபாயம் பிடிக்கிறவனுக்கு உள்ளதில் பாதியாய்க் குறைகின்றது. வெற்றிலை பாக்கில் புகையிலை மாத்திரம்தான் கெடுதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வெறும் பாக்கே புற்று வியாதியை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2004-ல் தெரிவித்துவிட்டது. அதனால் என்ன? தாம்பூலம் மங்களகரம் என்று வாயில் புண்ணோடு மென்றுகொண்டிருக்கிறவர்கள் இன்றும் உண்டு.

மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், “தலை சுற்றவில்லையே, இனி எதற்கு?” என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த வியாதி பெரும்பாலும் வெளியே தெரியாமலே உள்ளே கெடுப்பது. சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ போட்டுக்கொண்டு ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி கிடந்தால், சர்க்கரை ஒரேயடியாய்க் குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். தினம் தவறாமல் நிறையக் குடித்துப் பழகினவர்கள், திடீரென்று மாலை போட்டு நிறுத்துவதற்கு முன் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிர் போவதுண்டு. இதை எந்தக் குருசாமியும் சொல்லிக் கொடுப்பதில்லை.

யாருக்கு நேரம்?

இனி ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. “விடிந்தால் கூலிக்குப் போய் இருட்டினால் திரும்புகிறவனுக்கு நடை எதற்கு? கீரையும் பழமும் வாங்கக் காசு எங்கே?” என்பார்கள். வாஸ்தவம். வேலையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவனுக்கு நாம் நடையை உபதேசிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது வயிறாரச் சத்துள்ள சோறும், ஓய்வும், சுத்தமான தண்ணீரும், கக்கூசும். இவற்றை விரதமிருந்து பெற முடியாது. பஞ்சாயத்தையும் முனிசிபாலிட்டியையும் சர்க்காரையும் கேட்டுத்தான் பெற வேண்டும். கும்பாபிஷேகத்திற்கு வசூல் என்றால் வீட்டுக்கு வீடு கொடுக்கிற ஊர், சாக்கடைக்கு மூடி போட வேண்டும் என்றால் ஏன் வாயைத் திறப்பதில்லை? மனிதன் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டம் செய்தும், ஒரு ஜாதியாரையே சாக்கடைக் குழிக்குள் இறக்கிச் சாகடிக்கின்ற ஊரைச் சுத்தமான ஊர் என்று எப்படிச் சொல்லுவது?

வீட்டுக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கின்றது. 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தக் குறைவு; அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. இந்த வித்தியாசத்தில் மாதவிலக்குக்கும் பிரசவத்திற்கும் பங்குண்டு. ஆனால் ஆண்கள் எல்லோரும் தின்று எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்னுகிற பதிவிரதா தர்மத்திற்குப் பங்கில்லையா? புருஷன் மாலை போட்டால் அவள் விடியற்காலையில் எழுந்து தனிச் சமையல் செய்ய வேண்டும். அந்த விரதத்தின் பாதிப் பாரம் அவள் தலையில். புண்ணியம் மாத்திரம் அவனுக்கு! நல்ல பழக்கம் என்று எதையாவது ஆரம்பிக்க எண்ணும் தோழர்களுக்கு நாம் முதலாவதாய்ச் சிபாரிசு செய்வது, வீட்டில் எல்லோரும் ஒரே வேளையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதும், தின்ற தட்டை ஆண்கள் தாங்களே கழுவுவதுமாகும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பெண்ணுக்கு இரத்தமும் கிடைக்கும். ஆணுக்குக் கொஞ்சம் புத்தியும் கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

“விரதமாவது வருஷத்தில் 41 நாள் குடியை நிறுத்துகிறதே, அதையும் கெடுக்கிறீர்களே” என்று சிலர் கேட்பார்கள். அந்த 41 நாள் குடும்பத்தில் அடி உதை இல்லை, காசு மிச்சம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அதைக் கெடுப்பது நமது எண்ணமல்ல. மிச்சமுள்ள 324 நாளையும் மீட்க வேண்டும் என்பதே நமது எண்ணம். விரதத்தில் மனிதர் செய்து வைத்திருக்கும் நல்ல ஏற்பாடுகளை எல்லாம் நாம் எடுத்துக்கொள்ளலாம்; பேரத்தையும் பயத்தையும் கெடுவையும் மாத்திரம் தள்ளிவிடலாம்.

நமது வாசகசாலைகளிலும் சங்கங்களிலும் உள்ள தோழர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தை எடுத்தால் பத்தும் போய்விடும். அதை ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: காப்பி குடித்தவுடன் நடை, சாப்பிட உட்காரும் முன் சோப்பு, இராச் சாப்பாடு முடிந்தவுடன் பல் துலக்குவது. நடக்கிறவர்கள் நாலு பேராய்ச் சேர்ந்து நடங்கள். ஒருவனுக்குச் சோம்பல் வந்தால் மற்றவர்கள் கதவைத் தட்டுவார்கள். மாலைக்குப் பதிலாகச் சுவரில் ஒரு காலண்டர் போதும். செய்த நாளில் ஒரு கோடு போடுங்கள். பீடியை விட்டவன் முன் பீடியை நீட்டாமலிருக்கிற மரியாதையை, கழுத்தில் மாலை இல்லாதவனுக்கும் காட்டுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் பரிகாரம் தேடாதீர்கள், மறுநாள் செய்யுங்கள். ஆரம்பிக்க நல்ல நாள் பார்க்காதீர்கள். இராகு காலத்தில் நடந்தாலும் சர்க்கரை குறையும்.

சுயமரியாதை என்பது பிறர் காலில் விழாமலிருப்பது மாத்திரமல்ல. தன் உடம்பைத் தான் ஆளுவதும் சுயமரியாதைதான். சாமிக்குப் பயந்து 41 நாள் ஒழுங்காயிருக்க முடிந்த மனிதன், தன் பெண்டு பிள்ளைகளின் பொருட்டு 365 நாள் ஒழுங்காயிருக்க முடியாதென்று நாம் நம்பவில்லை. சைக்கிள் கடை நண்பருக்கு இதைச் சொன்னோம். நேரம் கடந்த பிறகு சொன்னோம். உங்களுக்கு நேரம் இருக்கின்றது. கார்த்திகைக்குக் காத்திராதீர்கள்.